பதினோரு அடி பறந்த பன்றி

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், போன மாசி மாதம், ஒரு காட்டுப்பன்றி பதினோரு அடி தூரம் பறந்தது. இது டீக்கடைப் பேச்சு அல்ல. அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் மஹஜரில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பன்றியின் எடை எழுபது கிலோ என்று இருக்கிறது. பன்றிக்கு இறக்கை இருந்ததா என்ற விவரம் மட்டும் இல்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

பன்றி பறந்ததை ஊரே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்ளாதவர் ஒரே ஒருவர். அவர் மேல்தான் வழக்கு.

சந்திரம்மாளுக்கு வயது அறுபத்து மூன்று. எடை நாற்பத்தெட்டு கிலோ. பன்றியின் எடையை எழுதிய அரசாங்கம் இந்த எடையை எழுதாமல் விட்டது பிறகு பெரிய தவறாகப் போனதால், இங்கேயாவது பதிந்து வைக்கலாம். பத்தாம் வகுப்பு முடித்து, திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தோரு வருடம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவர். பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். வேலையின் பெயர், "ஏம்மா, அந்த ஸ்டாப்வாட்சை எடும்மா."

முப்பத்தோரு வருடம் ஸ்டாப்வாட்ச் எடுத்துக் கொடுத்தவருக்கு, அதை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியாமல் இருக்குமா? ஊசல் ஆடுவதைப் பார்க்காமலே விடையை மட்டும் சுத்தமாக எழுதி வரும் மாணவனை அவர் வாசலிலேயே கண்டுபிடிப்பார். "ரீடிங் ரொம்ப அழகா இருக்குது தம்பி. ஆட்டமே அழகா ஆடல, உனக்கு மட்டும் எப்பிடி வந்துச்சு?" என்பார். விரிவுரையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அலமாரிச் சாவியும் சந்திரம்மாளும் மாறவில்லை.

ஒரு முறை செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இரண்டு தள்ளுவண்டிகளை மோதவிட்டு, அவை ஒட்டிக்கொண்டு ஓடும்போது எது குறைகிறது, எது குறையவில்லை என்று ஒரு மாணவியைக் கேட்டார். மாணவி சுவரைப் பார்த்தாள். சுவரும் அவளைப் பார்த்தது. வண்டிகளில் களிமண்ணை ஒட்டிக்கொண்டிருந்த சந்திரம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒட்டிக்கிச்சுன்னா ஆற்றல் கம்மியாகும் சார். உந்தம் கம்மியாகாது."

தேர்வாளர் மாணவிக்கு முழு மதிப்பெண் போட்டார். கல்லூரி சந்திரம்மாளுக்கு மெமோ கொடுத்தது. தேர்வறையில் சரியான விடை சொன்னதற்காக மெமோ வாங்கிய ஊழியர் மாவட்டத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. விளக்கம் கேட்டபோது, "விடை தப்புன்னா மன்னிப்புக் கேக்கறேன்" என்று எழுதிக் கொடுத்தார். கல்லூரி அந்தக் காகிதத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிப்பட்டவரிடம் துப்பாக்கி எப்படி வந்தது? கணவர் தசரதன் மூலமாக. அவர் இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். அதில் இருபது வருடம் பண்டகசாலையில் போர்வை எண்ணியவர். ஊருக்குத் திரும்பி வேர்க்கடலை போட்டார். கடலையைப் பன்றி தோண்டியது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று மனுப் போட்டு, உரிமம் வாங்கி, முந்நூற்றுப் பதினைந்து என்கிற ரகத்தில் ஒரு ரைபிள் வாங்கினார். அதைக் கொண்டு கடைசிவரை எதையும் சுடவில்லை. பீரோவில் பூட்டிவைத்து, மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைத்து, அதைப் பற்றிப் பேசினார். அவ்வளவுதான்.

"இதால ஒருத்தன அடிச்சா, ஆளு அப்பிடியே பத்தடி பின்னால போய் உழுவான் தெரியுமா?" என்பார் தசரதன்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. சினிமால பாத்ததில்லியா?"

"சுட்டவன் பின்னால போய் உழுந்தானா?"

"அவன் ஏன் உழுவான்?"

"அப்ப இவனும் உழமாட்டான். சாப்புடுங்க."

ஆறு வருடத்துக்கு முன் தசரதன் இறந்தார். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற சந்திரம்மாள் மூன்று வருடம் நடந்தார். பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி என்று கேட்ட ஒவ்வொரு மேசையிடமும், "பன்னி ஆம்பள பாத்தா வருது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாத மேசைகள் கடைசியில் கையெழுத்துப் போட்டன. அதன் பிறகு அந்தக் கிராமத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரே வீடு சந்திரம்மாள் வீடுதான். இது பக்கத்து நிலத்துக்காரர் வல்லரசுவின் மனதில் தைத்துக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு முறை மனுப் போட்டு இரண்டு முறையும் கிடைக்காதவர்.

இனி பன்றிக்கு வருவோம்.

சந்திரம்மாளின் கடலை நிலம் மேற்கே. வல்லரசுவின் கரும்பு நிலம் கிழக்கே. நடுவில் ஒரு வரப்பு. ஒரு காலையில், வரப்புக்குக் கிழக்கே, வல்லரசு நிலத்துக்குள் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. விலாவில் குண்டு பாய்ந்து மறுபக்கம் வெளியே போயிருந்தது. போன குண்டு கிடைக்கவில்லை. வரப்பை ஒட்டி, சந்திரம்மாளின் கடலைச் செடிகள் மேல் ரத்தம் தெறித்திருந்தது. அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றம் என்பதால் வல்லரசு உடனே வனத்துறைக்குப் போன் செய்தார். சட்டத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை இருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

வந்தவர் வனவர் அறிவுச்செல்வன். இயந்திரவியல் பொறியாளர், வேலை காட்டில் கிடைத்தது. முதலில் சந்திரம்மாளின் பீரோவைத் திறக்கச் சொன்னார்.

"பத்து தோட்டா வாங்கினீங்க. பத்தும் இருக்குது. பதினொண்ணாவது எங்கம்மா?"

"வாங்கவே இல்லியே தம்பி."

"அதான் கேக்கறேன். கணக்குல இல்லாததுதான வெடிச்சிருக்கும்?" குழலை முகர்ந்து பார்த்தார். "எண்ணெ வாசன வருது. தடயத்த அழிச்சிருக்கீங்க."

"மாசா மாசம் துடைக்கறது. துடைக்காம உட்டிருந்தா?"

"சுட்ட தடயம் இருக்குதுன்னு எழுதுவேன்."

பிறகு நிலத்துக்கு வந்து டேப் பிடித்தார். ரத்தத்திலிருந்து பன்றி வரைக்கும் சரியாகப் பதினோரு அடி. இங்கேதான் அறிவுச்செல்வனின் படிப்பு விழித்துக்கொண்டது. போனை எடுத்தார். முந்நூற்றுப் பதினைந்து தோட்டாவின் குண்டு பதினாறு கிராம். வேகம் நொடிக்கு அறுநூற்றுப் பத்து மீட்டர். ஆற்றல் கிட்டத்தட்ட மூவாயிரம் ஜூல். எழுபது கிலோ பன்றியை அந்த ஆற்றலால் எவ்வளவு தூரம் தூக்க முடியும் என்று வகுத்துப் பார்த்தார். பதினான்கு அடி வந்தது.

பன்றி போயிருந்தது பதினோரு அடி. மீதி மூன்று அடி உராய்வில் போயிருக்கும் என்று அவர் எழுதினார். கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து உட்காரும்போது எந்தப் பொறியாளருக்குத்தான் கண் கலங்காது?

முடிவு எளிதாகிவிட்டது. குண்டு பன்றியைக் கிழக்கே தூக்கி எறிந்திருக்கிறது. ஆகவே சுட்டவர் மேற்கே நின்றிருக்கிறார். மேற்கே இருப்பது சந்திரம்மாளின் மோட்டார் கொட்டகை. மோட்டாருக்குச் சுடத் தெரியாது. ரைபிள் காவல் நிலையத்துக்குப் போனது. மஹஜர் வனச்சரக அலுவலகத்துக்குப் போனது. சந்திரம்மாளுக்கு அழைப்பு வந்தது.

எந்தச் சரக அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. மொட்டை மாடியிலிருந்து மலை தெரியும் என்று சொன்னால் திருவண்ணாமலையில் அது எந்தக் கட்டிடத்துக்கும் பொருந்தும். வனச்சரகர் தருமன் நல்ல மனிதர். யாரையும் உள்ளே தள்ளும் எண்ணம் அவருக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை. கோப்பு முடிய வேண்டும், அவ்வளவுதான். தட்டச்சு செய்த ஒரு காகிதத்தைச் சந்திரம்மாள் பக்கம் திருப்பி வைத்தார். மேற்படி பன்றியைச் சுட்டது நான்தான், இனி செய்யமாட்டேன், அபராதம் கட்டுகிறேன், உரிமத்தை ரத்து செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்.

"ஒரு கையெழுத்துதான்மா. கோர்ட்டு கிடையாது, கேசு கிடையாது. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் சுடல சார்."

"சுட்டீங்கனு நான் சொல்லலியே. பன்னி பறந்திருக்குது. அதுக்கு ஒரு கையெழுத்து வேணும்."

"பறந்தது பன்னி. அதுகிட்ட வாங்குங்க."

தருமன் நாற்காலியில் சாய்ந்தார். "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"வயசானதுக்கும் பன்னி பறக்கறதுக்கும் இன்னா சார் சம்பந்தம்? பதினாறு கிராம் குண்டு. அதும் உள்ள தங்காம வெளிய போயிருக்குது. அது எழுபது கிலோவ எப்பிடிங்க பதினோரு அடி தள்ளும்?"

"வனவர் எஞ்சினீர் படிச்சவரு. கணக்குப் போட்டிருக்காரு."

"நானும் போட்டிருக்கேன்."

"நீங்க இன்னா படிச்சிருக்கீங்க?"

"படிக்கல. முப்பத்தோரு வருசம் கேட்டிருக்கேன்."

தருமன் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் கையெழுத்து வராவிட்டால் வழக்குப் பதிவாகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும், உரிமம் எப்படியும் போகும் என்றார். இதையும் அன்பாகத்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க சந்திரம்மாளுக்கு அறிவுரை வந்துகொண்டிருந்தது. கேட்காமலே வந்தது, இலவசமாகவும் வந்தது. சென்னையிலிருந்து மகள் அபிநயா போன் செய்தாள்.

"அம்மா, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடும்மா. அந்தத் துப்பாக்கிய வெச்சுகினு இன்னா பண்ணப் போற?"

"துப்பாக்கி போனா போகட்டும்டி. நான் சுட்டேன்னு எழுதிக்கினு போகுது பாரு, அதான்."

"யாரு அதப் போய்ப் படிக்கப் போறாங்க?"

"நான் படிப்பேன்."

வல்லரசு நேரிலேயே வந்தார். தசரதனை அண்ணன் என்று கூப்பிட்டவர் என்பதால் சந்திரம்மாளை அண்ணி என்பார். வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? என் நெலத்துல வந்து உழுந்துச்சு. நான் இன்னா பண்றது?"

"உன் நெலத்துல உழுந்ததுக்கு உன் மேலதான எழுதணும்?"

"உங்க குண்டு தள்ளி உட்டதாச்சே."

"எங்கிட்ட இருக்கறது தோட்டாவா, லாரியாடா?"

"எல்லாரும் அப்பிடித்தான சொல்றாங்க. அடி பட்டா பின்னால போவும். இது சின்னக் கொழந்தைக்குத் தெரியும்."

"சின்னக் கொழந்தைக்குத் தெரிஞ்சதெல்லாம் வெச்சுத்தான் கவர்மெண்டு நடக்குது போல. நீ கெளம்பு, கரும்புக்குத் தண்ணி உடணும்ல."

அவர் போன பிறகு சந்திரம்மாள் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு கணக்கை மறுபடியும் எழுதினார். தப்பு இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் உட்கார்ந்தார். பதினாறு கிராமை அறுநூற்றுப் பத்தால் பெருக்கினார், எழுபதால் வகுத்தார். மூன்று முறை போட்டார். மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது. காலண்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே பஸ் ஏறினார்.

அன்று பௌர்ணமி. பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில், தோளால் இடித்துக்கொண்டு நடந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது தருமனும் அறிவுச்செல்வனும் மதியச் சாப்பாட்டை முடித்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் தருமன் பேனாவின் மூடியைத் திறந்தார். ஒரு மனிதனின் நம்பிக்கை அவ்வளவு வெளிப்படையாக இருந்தது.

"கையெழுத்துப் போட வரல சார். தம்பிகிட்ட ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்." அறிவுச்செல்வன் பக்கம் திரும்பினார். "மூவாயிரம் ஜூல்னு எழுதிருக்கீங்க. அது சரிதான். உங்க வீட்டுல மிக்ஸி இருக்குதா?"

"இருக்குது."

"எத்தினி வாட்டு?"

"ஐந்நூறு."

"ஆறு செகண்ட் ஓட்டினா எத்தினி ஜூலு?"

அறிவுச்செல்வன் கொஞ்சம் யோசித்தார். "மூவாயிரம்."

"ஆறு செகண்ட்ல தேங்கா சட்னி அரைபடும். மிக்ஸி பறந்துபோய் பக்கத்து வீட்டுல உழுதா?"

தருமனுக்குச் சிரிப்பு வந்தது. பதவி கருதி அடக்கிக்கொண்டார்.

"ஆற்றல் இருந்தா அது தள்ளிதான் ஆகணும்னு எங்க இருக்குது தம்பி? அது அரைக்கும், கிழிக்கும், சூடாக்கும். பன்னி வயித்துல ஓட்ட போட்டது அந்த மூவாயிரம்தான். அதுல ஒருத்தரும் குத்தம் சொல்லல. ஆனா தள்ளறது வேற கணக்கு. அது உந்தம். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்க. பத்துக்கும் கொஞ்சம் கம்மி. அத எழுபது கிலோவுக்குப் பங்கு போட்டா, செகண்டுக்குப் பதினாலு சென்டிமீட்டர்." ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "பதினாலு கிலோமீட்டர் மலையச் சுத்திட்டு, பாதத்துல கொப்புளத்தோட வருதுங்க பாருங்க ஜனங்க, அதுங்ககூட அதவிட வேகமாப் போவுதுங்க. அதும் குண்டு உள்ளயே நின்னாத்தான். வெளிய போனதால இன்னும் கம்மி."

"இது வந்து..." என்றார் அறிவுச்செல்வன்.

"இருங்க, முடிக்கல. குண்டு முன்னால எத்தினி உந்தத்தோட போகுதோ, அத்தினி உந்தம் பின்னால சுட்டவங்க தோள்ல வரும். கணக்குல கடன் கிடையாது. எழுபது கிலோ பன்னி கெழக்கால பதினோரு அடி பறந்துச்சுன்னா, நாப்பத்தெட்டு கிலோ நான் மேக்கால அதவிடத் தூரம் பறந்திருக்கணும். எங்கொட்டாய்க்குப் பின்னால கெணறு. மஹஜர்ல பன்னி கெடந்த எடம் எழுதிருக்கீங்க. என்னை எந்தக் கெணத்துலேந்து எடுத்தீங்கனு எழுதலியே?"

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது வாட்டுக்கணக்கில் மின்சாரம் எடுத்துக்கொண்டும் எங்கேயும் பறக்காமல் இருந்ததை தருமன் முதல் முறையாகக் கவனித்தார்.

"அப்ப பன்னி எப்பிடிதான் அங்க போச்சு?" என்று கேட்டார்.

"நாலு காலு இருக்குது சார் அதுக்கு. அடிபட்டா ஓடாதா? எந்தப் பக்கத்துலேந்து சுட்டிருந்தாலும் பதினோரு அடி ஓடிப் போய் உழுந்திருக்கும். நடக்கத் தெரிஞ்ச ஜீவனுக்கு ரெக்க கட்டி உட்டிருக்கீங்க."

அறிவுச்செல்வனின் காது சிவந்திருந்தது. ஆனாலும் அவர் சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "பேப்பர்ல எதை வேணா போடலாம்மா. நேர்ல அடிச்சுப் பாத்தாதான் தெரியும்."

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன். அடிச்சுப் பாருங்க."

வியாழக்கிழமை போலீஸ் சுடும் தளத்தில் வனத்துறைக்காரர்களுக்கு வழக்கமான பயிற்சி இருந்தது. அவர்களிடம் இருப்பதும் அதே முந்நூற்றுப் பதினைந்துதான். தருமன் யோசித்தார். ஒரு தோட்டாவில் கோப்பு முடியும் என்றால் அது அரசுக்கு லாபம். எழுபது கிலோ மணல் மூட்டையை மூன்று மீட்டர் கயிற்றில் தொங்கவிட்டுச் சுடுவது என்று முடிவானது. மூட்டை எவ்வளவு போகும் என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் சந்திரம்மாள். அறிவுச்செல்வன், ஆறடிக்குக் குறையாது என்று எழுதினார். சந்திரம்மாள், நான்கு விரல் அகலம் என்று எழுதினார்.

"ஒரு ஜாணுக்கு மேல போச்சுன்னா, அந்தக் காயிதத்துல அங்கியே கையெழுத்துப் போடறேன். காயிதத்தையும் கையோட எடுத்துகினு வாங்க."

இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து நான்கு விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போனார். காலண்டர் தாளில் மூன்று முறை வந்த விடை, மணல் மூட்டையிலும் வர வேண்டுமே. உரிமம் போகும், பெயரும் போகும். அதைவிடப் பெரிதாக ஒன்று போகும்: தனக்குத் தெரியும் என்று இத்தனை வருடம் அவர் நினைத்திருந்தது.

வியாழக்கிழமை காலை, மலையடிவாரத்துச் சுடும் தளத்தில், கடலை மண்டியிலிருந்து கொண்டுவந்த தராசில் மணல் மூட்டை எடை போடப்பட்டது. எழுபத்திரண்டு கிலோ இருந்தது. இரண்டு கிலோவை வெளியே எடுக்கச் சொன்னார் சந்திரம்மாள்.

"ரெண்டு கிலோதான, உடுங்கம்மா. உங்களுக்குத்தான நல்லது," என்றார் தருமன்.

"பன்னி எழுபதுன்னுதான எழுதிருக்கு? எடுங்க."

இரும்புச் சட்டத்தில் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அது ஆடி நிற்கும்வரை சந்திரம்மாள் யாரையும் கிட்டே விடவில்லை. அசைவு முழுக்க நின்ற பிறகு, மூட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஒரு காலித் தீப்பெட்டியை மூட்டையைத் தொட்டபடி வைத்தார். மூட்டை எவ்வளவு பின்னால் வருகிறதோ, அவ்வளவு தூரம் தீப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் போகும். தீப்பெட்டி லஞ்சம் வாங்காது. அது நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். சாட்சியாக வந்திருந்த வல்லரசு, மூட்டை பறந்து வந்தால் விழக்கூடிய இடத்தைக் கணக்குப் போட்டு, அதிலிருந்து மிகவும் தள்ளி நின்றுகொண்டார்.

வனக்காவலர் ஒருவர் குப்புறப் படுத்துக் குறி வைத்தார். சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தீப்பெட்டி கோட்டிலேயே இருந்தது.

"ஒரு விரல்கூட நகரலியே," என்று தருமன் ஆச்சரியப்பட்டார். "அம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க."

சந்திரம்மாள் மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். முன்பக்கம் தடவிப் பார்த்தார். "ஓட்ட எங்க சார்?"

ஓட்டை இல்லை. குண்டு மூட்டையில் படவே இல்லை. பின்னால் இருந்த மண்மேட்டில் போய்ப் புகுந்திருந்தது. வனக்காவலர், வெயில் கண்ணில் அடித்ததாகச் சொன்னார்.

"பரவால்லம்மா, எழுதிக்கலாம். நகரலதான?" என்றார் தருமன். கோப்பு முடியும் வாசனை அவருக்கு வந்துவிட்டிருந்தது.

"படாத குண்டுக்கு ரீடிங் எடுக்கக் கூடாது சார். இன்னொண்ணு சுடச் சொல்லுங்க."

அறிவுச்செல்வன் அவரைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கிழவி சுட்டிருக்கமாட்டாள் என்ற எண்ணம் அவருக்கு முதலில் வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று பிறகு அவரே தன் நண்பர்களிடம் சொன்னதாகக் கேள்வி.

இரண்டாவது முறை வனக்காவலர் குடையைப் பிடிக்க ஆள் கேட்டார். வல்லரசு பிடித்தார். சத்தம் கேட்டது. மூட்டையின் நடுவில் தூசு எழுந்தது. மூட்டை, தூக்கத்தில் யாரோ கூப்பிட்டது கேட்டவனைப் போல லேசாக ஒரு முறை பின்னால் போய், முன்னால் வந்து, சோம்பலாக ஆடத் தொடங்கியது. வேறு எதுவும் நடக்கவில்லை.

சந்திரம்மாள் நடந்துபோய் மூட்டையை நிறுத்தினார். ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு தள்ளி நின்று, "தம்பி, நீங்க அளங்க" என்றார்.

அறிவுச்செல்வன் பென்சில் கோட்டுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் டேப்பை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வைத்தார். "ஏழரை சென்டிமீட்டர்" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, தன் வலது கையின் நான்கு விரலைச் சேர்த்து அந்த இடைவெளியில் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

சந்திரம்மாள் தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பன்னியச் சுட்டது யாருங்க?" என்று கேட்டார் வல்லரசு, குடையை மடக்காமலே.

"அது எனக்குத் தெரியாதுடா. எந்தப் பக்கத்துலேந்தும் சுட்டிருக்கலாம்னு மட்டும் தெரியும்." அறிவுச்செல்வனைப் பார்த்தார். "லைசென்ஸ் இருக்கற வூட்டையே பாத்தீங்க தம்பி. இல்லாத வூட்டையும் ஒரு தடவ பாக்கலாமே."

கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம் வந்துவிட்டதாக வல்லரசு சொன்னார். குடை அரசாங்கத்துடையது என்பதையும் மறந்து, அதை எடுத்துக்கொண்டே போனார். அறிவுச்செல்வன் அவர் போகும் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் சரக அலுவலகத்தில் தருமன் உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொன்னார். ஒப்புதல் காகிதம் நான்காகக் கிழிக்கப்பட்டு கூடையில் கிடந்தது. ரைபிளைத் திருப்பிக் கொடுக்கக் காவல் நிலையத்துக்குக் கடிதம் தயாராகிவிட்டது. டீ வந்தது. எல்லாருக்கும் முகம் தெளிந்திருந்தது. உத்தரவைச் சந்திரம்மாளிடம் நீட்டி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்டார்கள்.

அவர் நின்றபடியே படித்தார். முதல் பக்கம் முடித்து, இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இன்னா சார் இது, 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்படுகிறார்'னு போட்டிருக்கீங்க?"

"வழக்கமா அப்பிடித்தான்மா எழுதறது. விடுவிக்கறோம்ல, அதான் முக்கியம்."

"சந்தேகம் யாருக்கு?"

தருமன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாருக்குமில்ல. அது ஒரு வாசகம்."

"உங்களுக்கு இருக்குதா தம்பி?"

"இல்லம்மா," என்றார் அறிவுச்செல்வன்.

"எனக்கும் இல்ல. மூணு பேருக்கும் இல்லாத சந்தேகத்தோட பலன எனக்கு எப்பிடிக் குடுப்பீங்க? எடுத்துடுங்க. குண்டு தள்ளினது ஏழரை சென்டிமீட்டர், பன்னி தானே ஓடிப் போச்சு, சந்திரம்மா சுடலன்னு போடுங்க."

"அம்மா, டைப்பிஸ்ட் கெளம்பற நேரம். மணி அஞ்சரை ஆவுது. உங்களுக்கும் பஸ்ஸு இருக்குது."

சந்திரம்மாள் காகிதத்தைத் தட்டச்சுக்காரரின் மேசையில் திரும்ப வைத்து, அந்த வரியின் மேல் விரலை ஊன்றினார். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போனா போகட்டும் சார். ஏழு மணிக்கும் ஒண்ணு இருக்குது, எட்டரைக்கும் ஒண்ணு இருக்குது. நீங்க அடிங்க."